வெள்ளிக்கிழமை ரயில்

சிறுவர் கதைகள் எழுதிய ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரனைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவருடைய சந்தோஷமான பிள்ளைப்பருவத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். அதில் பொய் இல்லை. 1907இல் ஸ்வீடனில் விம்மர்பி என்ற சிற்றூரை ஒட்டிய ஒரு பண்ணையில் பிறந்தார். ஓர் அண்ணன், இரண்டு தங்கைகள், ஏறுவதற்கு மரங்கள், நாள் முழுக்க விளையாட்டு. பண்ணையில் மாடு பார்ப்பவர் வீட்டுச் சமையலறையில், அந்த வீட்டுச் சிறுமி எடித் ஒரு ராட்சதன் கதையை வாசித்துக் காட்டினாள். கதைப்பித்து அங்கேதான் பிடித்தது.

சரி, அப்படியானால் அவர் புத்தகங்களில் இத்தனை தனிமையான பிள்ளைகள் எங்கிருந்து வந்தார்கள்? யாராவது வந்து நம்மைக் கூட்டிப் போவார்களா என்று காத்திருக்கும் பிள்ளைகள். அவர்கள் அந்தப் பண்ணையில் பிறந்தவர்கள் இல்லை. டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனில் பிறந்தவர்கள் என்றுதான் நான் நம்புகிறேன்.

ஆஸ்ட்ரிட் உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றில் வேலை கற்றுக்கொண்டிருந்தபோது, 18 வயதில், அதன் ஆசிரியரால் கர்ப்பமானார். அந்த மனிதரைக் கல்யாணம் செய்துகொள்ள அவருக்கு விருப்பமில்லை. ஊர் வாய்க்குத் தப்பி ஸ்டாக்ஹோம் போனார். 1926 டிசம்பரில் எல்லை தாண்டி டென்மார்க்கில் மகன் லார்ஸைப் பெற்றார். அங்கேயே ஒரு வளர்ப்புத் தாயிடம் குழந்தையை விட்டுவிட்டுத் திரும்பினார். சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்றவர், அலுவலக வேலையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் வெள்ளிக்கிழமை ரயிலேறிக் கோபன்ஹேகன் போவார். மகனோடு ஒரு நாள், கூடிப்போனால் ஒன்றரை நாள். பிறகு மறுபடி ரயில். இப்படியே மூன்று வருடங்கள். அந்த வளர்ப்புத் தாய் நோயில் விழுந்தபோதுதான், 1930இல், லார்ஸ் அம்மாவிடம் வந்து சேர்ந்தான்.

பல வருடங்கள் கழித்து, ஸ்டாக்ஹோம் பூங்கா ஒன்றில் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்த ஒரு சிறுவன் அவர் கண்ணில் படுகிறான். மியோ என்ற தனிமையான சிறுவனைப் பற்றி அவர் எழுதி 1954இல் வெளிவந்த கதைக்கு அந்தச் சிறுவன்தான் விதை. அந்தப் பெஞ்சைக் கடந்து எத்தனை பேர் போயிருப்பார்கள்! அவனைக் கதைக்குள் கூட்டிப்போனது, ஒரு பிள்ளையை விட்டுவிட்டு ரயிலேறிய அம்மாவின் கண்.

அவருடைய கதைகளில் வரும் சிறுமி பிப்பி பிறந்த கதை பலருக்கும் தெரிந்ததுதான். 1941இல் காய்ச்சலில் கிடந்த மகள் காரின், அந்த நொடியில் தோன்றிய ஒரு பெயரைச் சொல்லி, "பிப்பி நீளக்காலுறை கதை சொல்லும்மா" என்றாள். அம்மா சொல்லத் தொடங்கினார். 1944இல் பனியில் வழுக்கிக் காலைச் சுளுக்கிக்கொண்டு படுத்திருந்தபோதுதான் எழுத்தில் வந்தது. முதலில் போன பதிப்பகம் திருப்பி அனுப்ப, 1945இல் வேறொன்று வெளியிட்டது. குதிரையையே தூக்கும் பலம் பிப்பிக்கு. ஆனால் அந்தப் பலத்தை இளைத்தவர்கள் மேல் ஒருநாளும் காட்டமாட்டாள். பெரியவர்கள் செய்யத் தவறுவதை அவள் செய்கிறாள்.

இதே நினைப்பு 1978இல் பிராங்க்ஃபர்ட் மேடை வரை போனது. ஜெர்மன் புத்தக வணிகர்களின் அமைதிப் பரிசு அவருக்கு. உரையை முன்கூட்டியே படித்த ஏற்பாட்டாளர்கள், பேசாமல் பரிசை மட்டும் வாங்கிக்கொள்ளக் கேட்டார்கள். பேச்சு இல்லையென்றால் நானும் வரமாட்டேன் என்றார் ஆஸ்ட்ரிட். போனார், பேசினார். அதில் ஒரு தாய் வருகிறாள். தப்பு செய்த மகனை, அடிக்கப் பிரம்பு நீயே தேடிக்கொண்டு வா என்று அனுப்புகிறாள். நெடுநேரம் கழித்து அழுதுகொண்டே வந்த பையன், குச்சி கிடைக்கவில்லை, இந்தக் கல்லை என்மேல் எறிந்துகொள் என்று நீட்டுகிறான். வலிக்க வைப்பதுதான் அம்மாவுக்கு வேண்டும் என்றால் கல்லும் ஆகும் என்று அவன் நினைத்திருக்கிறான். அந்தத் தாய் அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். கல்லைச் சமையலறை அலமாரியில் வைத்துவிட்டாள். அடுத்த வருடம், 1979இல், பிள்ளைகளை அடிப்பதைச் சட்டப்படி தடைசெய்த முதல் நாடானது ஸ்வீடன்.

இந்த உரையை நான் படித்தது, என் மகனைக் கைநீட்டி அடித்த ஒரு இரவில். கணக்கு நோட்டைக் கிழித்துவிட்டான், அவ்வளவுதான் விஷயம். அந்தக் கல் வரும் இடத்தைத் தாண்ட முடியவில்லை. காலையில் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்பதுபோல என்னைப் பார்த்தான். அடி வாங்குவது அவனுக்கு அத்தனை சாதாரணமாகிப் போயிருந்தது, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போது ராத்திரிகளில் பிப்பியின் கதையைத் தமிழில் அவனுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவளைப் பிடித்துப்போக வந்த இரண்டு போலீஸ்காரர்களை அலாக்காகத் தூக்கி வாசலுக்கு வெளியே கொண்டுபோய் விடுகிறாளே, அந்த இடம் வந்தால் விடமாட்டான். "இன்னொரு தடவை சொல்லுப்பா" என்று போர்வையை உதறிக்கொண்டு எழுந்து உட்கார்ந்துகொள்கிறான்.