பழவேற்காட்டில் 'ஆளே இல்லை'யாம்

பழவேற்காடு ஏரியைச் சுற்றிப் பார்க்கப் போன ஒரு தம்பி எடுத்து இணையத்தில் போட்ட காணொளியைப் பற்றி எழுதக்கூடாது என்றுதான் மூன்று நாளாக இருந்தேன். "பார்த்தீர்களா?" என்று ஆளுக்கொரு முறை உள்பெட்டிக்கு அனுப்பிக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன். பூநாரைக் கூட்டத்தை நோக்கி அந்தத் தம்பி ஓடியதற்கு எல்லோரும் திட்டித் தீர்த்துவிட்டீர்கள். தலையைக் கவிழ்த்து, அலகால் சேற்றுநீரை வடிகட்டி இரை தின்றுகொண்டிருக்கும் பறவைகளை, தமக்குப் பின்னால் அழகாகப் பறக்க வேண்டும் என்பதற்காக விரட்டுவது அற்பத்தனம்தான். ஆனால் என்னை உறுத்தியது அதுவல்ல. தொடக்கத்தில் அவர் பெருமையாகச் சொல்கிறாரே, "சென்னைக்குப் பக்கத்திலேயே ஆளே இல்லாத ஏரி, ஆளே இல்லாத கடற்கரை" என்று, அந்த வரிதான். அதைச் சொல்லும் நேரத்தில் திரையின் இடது ஓரத்தில் நான்கு பெண்கள் இடுப்பளவு நீரில் குனிந்து, கையால் சேற்றைத் தடவி இறால் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆளே இல்லையென்றால் அவர்கள் யார்?

டச்சுக்காரர்கள் 1613இல் கோட்டை கட்டி, சோழமண்டலக் கரை வணிகத்துக்கே தலைமையிடமாக வைத்திருந்த ஊர் அது. அவர்களுக்காவது அங்கே ஆள் இருப்பது தெரிந்திருந்தது; இல்லாவிட்டால் துணியை யாரிடம் வாங்கியிருப்பார்கள்? நமக்கோ தேநீர்க் கடையும் வாகன நிறுத்தமும் இல்லாவிட்டால் அந்த இடம் காலியாகிவிடுகிறது. அமைதியான இடம் வேறு, ஆளில்லாத இடம் வேறு. பழவேற்காடு அமைதியாக இருப்பதற்குக் காரணம், அங்கே இருப்பவர்கள் வேலையில் இருப்பதுதான்.

இதைப் பின்னூட்டத்தில் மரியாதையாகவே சொன்னேன். "ஏரி உங்கள் அப்பன் வீட்டுச் சொத்தா அக்கா?" என்று பதில் வந்தது. அதற்கு எத்தனை சிரிப்புக் குறிகள்! அப்பனை இழுத்தபோதும் 'அக்கா'வை விடவில்லை பாருங்கள், அந்த மட்டில் நன்றி.

சரி, பொது இடம்தானே என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அந்த ஏரியில் மீனவர்களே நினைத்த நாளில் நினைத்த இடத்தில் வலை இறக்கிவிட முடியாது. 'பாடு' என்றொரு முறை இருக்கிறது. எந்த ஊர்க்காரர் எந்த இடத்தில் எந்த நாளில் வலை போடலாம் என்பது முறைவைத்து வரும். அங்கேயே பிறந்தவர் தன் முறைக்குக் காத்திருக்கும் நீரில், ஞாயிற்றுக்கிழமை காலை இறங்கியவருக்கு மட்டும் எந்த முறையும் கிடையாதாம். அவர் படகில் உயிர்காப்பு உடைகூட இல்லாமல் எழுந்து நின்று கைகளை விரிக்கிறார். 2011 டிசம்பர் 25 அன்று சுற்றிப் பார்க்க வந்தவர்களின் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தது அதே பழவேற்காட்டில்தான்.

பயணிகள் வந்தால் ஊருக்கு வருமானம் வராதா என்று கேட்பீர்கள். கொஞ்சம் வரும், மறுக்கவில்லை. அனல் மின் நிலையத்தையும் துறைமுகத்தையும் விட்டுவிட்டு ஒரு சின்னப் பையனைப் பிடித்துக்கொண்டாயே என்றும் கேட்பீர்கள். நியாயமான கேள்வி, அதைத் தனியாகப் பேசலாம். ஆனால் பெரிய தவறு ஒன்று இருப்பதால் சின்னத் தவறைப் பேசவே கூடாது என்று சொல்பவர்கள், பெரியதைப் பற்றி நான் எழுதியபோது எங்கே இருந்தார்கள் என்று தெரியவில்லை.

நான் ஒன்றும் யோக்கியம் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் அதே ஏரியில் இறால் தடவிக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம், படம் எடுக்கலாமா என்று கரையிலிருந்தே கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மௌனம் சம்மதம் என்று எடுத்துத் தள்ளினேன். சற்று நேரத்தில் கரையேறியவர், அதுவரை பல்லில் கடித்துத் தொங்கவிட்டிருந்த பனையோலைப் பறியைக் கீழே வைத்தார். பிடித்த இறால் அதற்குள்தான் துள்ளிக்கொண்டிருந்தது. தாடையைத் தேய்த்துவிட்டுக்கொண்டே கேட்டார்: "ஏம்மா, வாயில பறி இருக்கும்போது வேணாம்னு எப்படிச் சொல்றது?"

அன்றைக்கு அந்தப் படங்களை அங்கேயே நின்று அழித்தேன். ஆனால் ஊருக்குத் திரும்பி, எந்தச் சாலையில் திரும்ப வேண்டும், பூநாரைகள் எந்தப் பக்கம் நிற்கும் என்று விலாவாரியாக ஒரு பதிவு எழுதினேன். 'யாருக்கும் தெரியாத இடம்' என்று தலைப்பு வேறு வைத்தேன். அந்தத் தம்பி தன் காணொளியின் கீழே வழி காட்டியதற்கு நன்றி சொல்லி இணைத்திருப்பது அந்தப் பதிவைத்தான். நேற்று இரவு அதிலிருந்து வழியை நீக்கிவிட்டேன். காலையில் பார்த்தால், வழி காணவில்லையே, மறுபடியும் போட முடியுமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இன்னும் பதில் எழுதவில்லை.