கால் வீக்கம்தானே என்று விட்டுவிடாதீர்கள்

சிக்கலான கர்ப்பங்களைக் கடைசி நேரத்தில்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள் என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். சரிதான். ஆனால் சிக்கல் இருப்பதை முதலில் யாராவது கண்டுபிடிக்க வேண்டுமே! எங்கள் வீட்டில் அங்கேதான் கோட்டை விட்டோம்.

என் தங்கைக்கு ஏழாம் மாதம் முடியும்போது கால் வீங்கியது. "எல்லாருக்கும் வர்றதுதான், உப்பைக் குறை" என்றார் அத்தை. வழக்கமாகக் காட்டும் கிளினிக்கிலும் எடையை மட்டும் பார்த்து அனுப்பிவிட்டார்கள். விரலில் மோதிரம் இறுகி, சோப்பு போட்டுக் கழற்றினோம். அப்போதும் உறைக்கவில்லை. மறுநாள் கடும் தலைவலி, கண் முன்னால் பூச்சி பறந்தது. வளைகாப்புப் புடவை எடுக்கக் கிளம்பியவளை அரசு மருத்துவமனையின் சீமாங்க் மையத்துக்கு (அவசரப் பிரசவ, பச்சிளங்குழந்தை சிகிச்சைப் பிரிவு) கொண்டு ஓடினோம். பிரஷர் 170/110, சிறுநீரில் புரதம். கர்ப்பத்தில் பிரஷர் ஏறி வரும் ப்ரீஎக்ளாம்ப்சியா என்ற சிக்கல் அது.

வலிப்பு வராமல் இருக்க மெக்னீசியம் சல்பேட், குழந்தையின் நுரையீரலுக்காக ஸ்டீராய்டு ஊசி. அந்த மெக்னீசியம் அளவு மீறினால் மூச்சே நின்றுவிடுமாம். அதனால் நர்ஸ் அம்மா ராத்திரி முழுக்க முழங்காலைச் சின்னச் சுத்தியலால் தட்டி, கால் துள்ளுகிறதா என்று பார்ப்பதும், பையில் சேரும் சிறுநீரின் அளவைக் குறிப்பதுமாக இருந்தார். கிளினிக்கில் யார் அப்படி உட்காருவார்கள்?

32ஆம் வாரத்தில் ஆபரேஷன். குழந்தை 1.4 கிலோ. இப்போது நன்றாக இருக்கிறான், சரியான வாயாடி.

20 வாரத்துக்கு மேல் பிரஷர் 140/90-ஐத் தொட்டாலே உஷாராக வேண்டும் என்று அப்புறம்தான் தெரிந்தது. அடுத்த கர்ப்பத்தில் இது திரும்பாமல் இருக்க, 12 வாரம் முடிந்ததும் குறைந்த அளவு ஆஸ்பிரின் தொடங்கச் சொல்லி டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருந்தார்கள். தங்கை அதை லேமினேட் செய்து பீரோவில் வைத்திருக்கிறாள்.