பெஸ்ஸியை மறந்துவிட்டுப் பேசுகிறோம்

அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ரிச்சர்ட் ரைட்டின் 'நேட்டிவ் சன்' நாவலைப் பற்றிப் பேச்சு வந்தாலே, 'வெள்ளை இனவெறிக்கு எதிரான கறுப்பினச் சீற்றம்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. நாவலின் முதல் பாகத்துக்கு ரைட் வைத்த தலைப்பு 'பயம்'. கதைநாயகன் பிக்கர் தாமஸ் முதல் பக்கத்திலிருந்தே பயந்துகொண்டிருக்கிறான். அந்தப் பயம் யார் மேல் போய் விழுகிறது என்று கவனித்தபடி படித்துப் பாருங்கள். அது தன்னை உண்டாக்கியவர்களைப் பெரும்பாலும் தொடுவதே இல்லை.

பில்லியர்ட்ஸ் கூடத்துக் காட்சியை எடுத்துக்கொள்வோம். பிக்கரும் நண்பர்களும் பிளம் என்ற வெள்ளைக்காரரின் கடையைக் கொள்ளையடிக்கத் திட்டமிடுகிறார்கள். இதுவரை அவர்கள் கை வைத்தது கறுப்பர்களிடம் மட்டும்தான். கறுப்பன் வீட்டில் கறுப்பன் திருடினால் போலீஸ் பெரிதாகக் கண்டுகொள்ளாது. வெள்ளைக்காரர் கடை என்றால் கதை வேறு. பிக்கருக்கு உள்ளூர உதறல். அதை வெளியே சொன்னால் மானம் போய்விடும். கஸ் என்ற நண்பன் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்கிறான். உடனே அவனை உதைத்துத் தள்ளி, கழுத்தில் கத்தியை வைத்து, அந்தக் கத்தியை நக்கச் சொல்கிறான் பிக்கர். கஸ் நக்குகிறான். இந்தக் களேபரத்தில் நேரம் கடந்துபோய்க் கொள்ளைத் திட்டம் கைவிடப்படுகிறது. பிக்கருக்கு வேண்டியதும் அதுதான். தன் கோழைத்தனத்தை இன்னொருவன் முகத்தில் பூசிவிட்டுத் தப்பித்துக்கொள்கிறான். கொலைகள் நடக்கும் பக்கங்களைவிட இந்தச் சில பக்கங்கள்தான் என்னை அதிகம் தொந்தரவு செய்கின்றன.

இந்தப் பயம் எங்கே விளைகிறது என்பதையும் ரைட் மறைக்கவில்லை. சிகாகோவின் தெற்குப் பகுதியில் எலி ஓடும் ஒற்றை அறையில் தாய், மூன்று பிள்ளைகள். வாரத்துக்கு 8 டாலர் வாடகை. பிக்கருக்கு டிரைவர் வேலை கொடுக்கும் கோடீஸ்வரர் டால்டனின் நிறுவனத்துக்குத்தான் அந்த வாடகை போகிறது. அதே டால்டன் கறுப்பினப் பள்ளிகளுக்கு வாரி வழங்குகிறார், சிறுவர் மன்றத்துக்குப் பிங்பாங் மேசைகள் வாங்கித் தருகிறார். வேறு பகுதிகளில் ஏன் கறுப்பர்களுக்கு வீடு தருவதில்லை என்று, பின்னால் பிக்கருக்காக வாதாடும் வழக்கறிஞர் மேக்ஸ் கேட்கும்போது, அவர்கள் ஒன்றாக இருந்தால்தான் மகிழ்ச்சியாக இருப்பார்கள் என்று பதில் வருகிறது. படிக்கும்போது பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

இதில் கற்பனை குறைவு. கறுப்பர்களுக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ மாட்டோம் என்று வீட்டு உரிமையாளர்கள் தமக்குள் எழுதிக்கொண்ட ஒப்பந்தங்கள் அன்றைய சிகாகோவின் பெரும்பகுதியைப் பூட்டி வைத்திருந்தன. நாடக ஆசிரியர் லொரெய்ன் ஹேன்ஸ்பெரியின் தந்தை 1937-இல் அப்படிப் பூட்டிய பகுதியில் வீடு வாங்கிக் குடியேறினார். கும்பல் கூடிக் கல்லெறிந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆனால் அத்தகைய ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரக் கூடாது என்று வேறொரு வழக்கில் தீர்ப்பு வர 1948 ஆனது.

டால்டனின் மகள் மேரியைப் பிக்கர் கொல்வதும் பயத்தால்தான். குடித்துவிட்டு நிலைதடுமாறும் அவளை அறையில் கொண்டுபோய்ச் சேர்க்கிறான். கண் தெரியாத தாய் கதவருகே வந்து நிற்கிறாள். வெள்ளைப் பெண்ணின் படுக்கையறையில் பிடிபட்டால் என்ன ஆகும் என்பது அவனுக்குத் தெரியும். மேரி சத்தம் போடாமலிருக்கத் தலையணையை முகத்தில் அழுத்துகிறான். அவள் மூச்சு நின்றுவிடுகிறது.

அடுத்தது பெஸ்ஸி. பிக்கரின் காதலி, வெள்ளையர் வீடுகளில் வேலை செய்து களைத்துப்போனவள், வாரக் கடைசியில் கொஞ்சம் குடித்து எல்லாவற்றையும் மறக்க நினைப்பவள். தன் தலைமறைவு ஓட்டத்தில் அவளையும் இழுத்துக்கொண்டு போகிறான் பிக்கர். ஒரு பாழடைந்த கட்டடத்தில் அவளைப் பலவந்தம் செய்து, பிறகு தூங்குகிறவளைச் செங்கல்லால் அடித்து, காற்றுப்போக்கிக் குழிக்குள் வீசுகிறான். இங்கே தற்செயல் எதுவும் இல்லை. யோசித்துச் செய்த கொலை. வீசிய பிறகு அவன் நினைப்பது அவள் உடுப்பில் இருந்த பணத்தைப் பற்றி. பெஸ்ஸி உடனே சாகவுமில்லை, பனியில் விறைத்துச் செத்தாள் என்று பின்னால் தெரியவருகிறது.

அந்தச் செங்கல்லுக்கு ஒரு பின்கதை உண்டு. நாவலை எழுதிக்கொண்டிருந்தபோது, 1938-இல், ராபர்ட் நிக்சன் என்ற கறுப்பின இளைஞன் சிகாகோவில் ஒரு வெள்ளைப் பெண்ணைச் செங்கல்லால் அடித்துக் கொன்றதாகக் கைதானான். அவனைக் காட்டு விலங்காகச் சித்திரித்த செய்தித்தாள் நறுக்குகளை ரைட் சேர்த்து வைத்துப் பயன்படுத்தினார். செய்தியில் வெள்ளைப் பெண்மேல் விழுந்த செங்கல்லை நாவலில் கறுப்பினப் பெண்மேல் விழவைத்தது ரைட்டின் முடிவு. அவர் தெரிந்துதான் செய்தார் என்று நினைக்கிறேன். விசாரணையில் பெஸ்ஸியின் உடலைத் தள்ளிக்கொண்டு வந்து காட்டுகிறார்கள், மேரியின் கொலையை நிரூபிக்க! மரண தண்டனையும் மேரிக்காகத்தான். பெஸ்ஸி வெறும் சாட்சியப் பொருள் என்பது பிக்கருக்கே உறைக்கிறது.

ஆனால் ரைட்டும் முழுக்கத் தப்பிக்கவில்லை. மேக்ஸ் பக்கம் பக்கமாகப் பேசுகிறார். (அந்த உரையைப் பாதியாகக் குறைத்திருந்தால் நாவலுக்கு நல்லது.) அவ்வளவு பேச்சிலும் பெஸ்ஸிக்குக் கிடைக்கும் இடம் அற்பம். கஸ்ஸின் அவமானத்தை அவ்வளவு துல்லியமாக எழுதிய கை, பெஸ்ஸி மனத்துக்குள் போகத் தயங்குகிறது. 1949-இல் எழுத்தாளர் ஜேம்ஸ் பால்டுவின், பழைய நாவல் ஒன்றில் வெள்ளையருக்குப் பணிந்துபோகும் அடிமையான 'அங்கிள் டாம்' பாத்திரத்தின் வாரிசுதான் பிக்கர் என்று எழுதி ரைட்டின் நட்பையே இழந்தார். பால்டுவின் சொன்னது பாதி சரி. பிக்கருக்குள் மனிதன் போதவில்லை என்று வாதாடிய அவர், பெஸ்ஸிக்காகவும் அதே வழக்கைப் போட்டிருக்கலாம்.

அதைச் செய்தவர் என்று நான் சொல்வது கறுப்பின எழுத்தாளர் ஆன் பெட்ரியை. 1946-இல் வந்த அவருடைய 'த ஸ்ட்ரீட்' பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், 116-ஆம் தெருவில் மகனோடு தனியாக வாழும் லூட்டி ஜான்சனும் வாடகைக்குப் பயப்படுகிறாள், கட்டடக் காவல்காரனின் பார்வைக்குப் பயப்படுகிறாள், பிள்ளை தெருவில் கெட்டுப்போவானோ என்று பயப்படுகிறாள். கடைசியில் அவளும் கொலை செய்கிறாள். அடிபட்டுச் சாகிறவன் ஒரு கறுப்பினத்தவன். ஆனால் ஒவ்வொரு அடியிலும் அவள் மனத்தில் யார் யார் முகம் வந்துபோகிறது என்று பெட்ரி நமக்குச் சொல்கிறார். கறுப்பின நாவல் என்றால் ரைட், எலிசன், பால்டுவின் என்று மூன்று ஆண்களோடு நிறுத்திக்கொள்ளும் நண்பர்களே, நான்காவதாக இவரைப் படித்துவிட்டு வாருங்கள். பிறகு சண்டை போடலாம்.