ஓவன் லாட்டிமோர் உளவாளி என்று தண்டிக்கப்பட்டாரா?

"சீனாவைக் கம்யூனிஸ்டுகளுக்குத் தாரைவார்த்த சோவியத் உளவாளி, நீதிமன்றமே தண்டித்தது" என்று ஓவன் லாட்டிமோரைப் பற்றி ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு.

மங்கோலியா, மஞ்சூரியா, சீன எல்லைப்புறங்களை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் அவர். பட்டம் எதுவும் வாங்காமலேயே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர். 1941இல் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டின் பரிந்துரையில், சீனத் தேசியவாத அரசின் தலைவர் சியாங் கை-ஷேக்குக்கு ஆலோசகராகப் போனார். ஆம், கம்யூனிஸ்டுகளின் பரம எதிரிக்கு!

1950இல் அமெரிக்க செனட்டர் மெக்கார்த்தி அவருக்கு உளவாளிப் பட்டம் கட்டினார். செனட்டின் டைடிங்ஸ் குழு விசாரித்துவிட்டு, குற்றச்சாட்டை ஏற்கவில்லை. 1952இல் வழக்குப் போட்டார்கள், சரி. ஆனால் உளவு பார்த்ததற்காக அல்ல. வேறொரு செனட் குழு முன் பொய்ச் சாட்சி சொன்னதாக 7 குற்றச்சாட்டுகள். நீதிபதி யங்டால் முக்கியமானதைத் தள்ளுபடி செய்தார். அரசு திருத்திக் கொண்டுவந்த குற்றச்சாட்டுகளும் நிற்கவில்லை. 1955இல் வழக்கையே கைவிட்டார்கள். சாட்சி விசாரணையே நடக்காத வழக்கில் தண்டனை எங்கிருந்து வந்தது? 1963இல் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சீன ஆய்வுத் துறையை நடத்தினார்.

அவரைக் குறை சொல்ல வேறு விஷயம் இருக்கிறது. 1944இல் சைபீரியாவின் கொலிமாவுக்குப் போனவர், அங்கிருந்த கட்டாய உழைப்பு முகாம்களைப் பற்றி எழுதவில்லை. சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கண்ணாடிக் கூடங்களில் தக்காளி விளைவதை மெச்சி எழுதினார். அந்த ஏமாளித்தனத்தைத் திட்டுங்கள், நியாயம்தான்.