காவடிக் கலர் படுத்தும் பாடு

மொரீஷியஸில் தைப்பூசம் என்றாலே கண்ணைப் பறிக்கும் ரோஸ்தான். வேட்டி, சேலை, காவடித் துணி எல்லாம் அதே நிறம். போட்டோ எடுக்கிறவனைக் கேட்டால் தெரியும் கொடுமை! அந்த ரோஸ் எஸ்ஆர்ஜிபி (சாதாரணத் திரைகளுக்கான பொது நிற வரம்பு) எல்லைக்குள் லேசில் அடங்காது. துணியின் மடிப்பெல்லாம் மறைந்து ஒரே பூச்சாக அப்பிக்கொள்ளும்.

இதற்காகவே மானிட்டரை அரை மணி நேரம் ஓடவிட்டு, ஜன்னல் திரையை இழுத்து மூடி (இங்கே தை மாதம் கோடைப் புழுக்கம் வேறு!), நிறத்தை அளக்கும் சென்சாரைத் திரைமேல் தொங்கவிட்டு, வெண்மை 6500 கெல்வின், காமா (இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு ஏறும் படிநிலை) 2.2, வெளிச்சம் சதுர மீட்டருக்கு 120 கேண்டெலா என்று அளந்து வைக்கிறேன். முடிந்ததும் திரையே மஞ்சளடித்துத் தெரியும். அதுவரை பார்த்த வெள்ளை நீலம் பாய்ந்த வெள்ளை. கண் பழக நேரமாகும்.

சரி, பழகியாச்சு. படத்தை அனுப்பினால் குவாத்ர போர்ன் ஊரிலிருந்து பெரியம்மா கூப்பிடுகிறார்: "என்னப்பா, ரோஸைக் காணோம், காவியா இருக்கே?" அவர் போனில் பட்டப்பகலில், திரையை மஞ்சளாக்கும் நைட் மோட் ஓடுகிறது. பிரிண்ட் கடைக்காரர் அதற்கும் மேலே. நிறத்தைத் தானாக மாற்றும் மெஷினின் ஆட்டோ கரெக்‌ஷனை அணைக்கச் சொன்னால், "எல்லாருக்கும் இப்படித்தான் போடுறோம், யாரும் ஒன்றும் சொல்லவில்லையே" என்கிறார். அப்புறமென்ன, ரோஸ் வேட்டி கட்டிய மாமா பீட்ரூட் கலரில் வந்து நிற்கிறார்.