சாம்பல் மேட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது?

அனல்மின் நிலையங்கள் குவிக்கும் நிலக்கரிச் சாம்பல் மேடு என்றாலே பேச்சு தூசிக்குப் போய்விடுகிறது. தூசி கண்ணில் படுகிறது, நாலு பேர் சத்தம் போடுகிறார்கள், தண்ணீர் தெளிக்க ஒரு லாரியாவது வருகிறது. சரி, தெளித்த தண்ணீரும் பெய்த மழையும் மேட்டுக்குள் இறங்கி எங்கே போகின்றன? அதைக் கேட்கத்தான் ஆளில்லை.

உலர் சாம்பல் விரலில் முகப்பவுடர் மாதிரி வழுக்கும். பெரும்பாலான துகள்கள் நுண்ணிய கண்ணாடி உருண்டைகள். நிலக்கரியில் கார்பன் எரிந்து போன பிறகு மிஞ்சுவதில், முன்பு துளித்துளியாக இருந்த நச்சுத் தனிமங்கள் செறிந்துவிடுகின்றன. ஆர்சனிக்கும் செலினியமும் உலைச் சூட்டில் ஆவியாகி, புகை ஆறும்போது இந்த உருண்டைகளின் மேல்தோலில் வந்து படிகின்றன. கண்ணாடிக்குள் சிக்கியது லேசில் வெளியே வராது. தோலில் ஒட்டியது தண்ணீர் பட்டதும் கிளம்பிவிடும். ‘எல்லாம் கண்ணாடிக்குள் பூட்டிக் கிடக்கிறது’ என்று சமாதானம் சொல்பவர்கள் இந்தத் தோலைப் பற்றி வாய் திறப்பதில்லை.

அப்புறம், சாம்பலால் ஆபத்தில்லை என்பதற்குச் சொல்லப்படும் ‘பரிசோதனையில் தேறிவிட்டது’ என்ற பேச்சு. டிசிஎல்பி என்ற பிரபலமான சோதனையில் சாம்பலை நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் சுமார் 18 மணி நேரம் சுழற்றி, இறங்கிய உலோகங்களை அளப்பார்கள். அது ஊர்க்குப்பை அழுகும் கிடங்கை மனதில் வைத்துச் செய்த சோதனை. பல சாம்பல்கள் காரத்தன்மை கொண்டவை. ஈயமும் காட்மியமும் அமிலத்தில்தான் அதிகம் கரையும். செலினியம், மாலிப்டினம் போன்றவை காரத்திலும் தாராளமாக நகரும். மேடு கிடப்பதோ பல பத்தாண்டுகள். 18 மணி நேரத்துக்குக் கொடுத்த சான்றிதழை அத்தனை காலத்துக்கும் நீட்டுவது எனக்கு ஒப்பவில்லை.

அமெரிக்காவின் வட கரோலினாவில் பெலூஸ் ஏரி என்று ஒன்று. 1970களில் ஒரு அனல்மின் நிலையத்தின் சாம்பல் குளத்து நீர் அதில் கலந்தது. ஏரித் தண்ணீரில் செலினியம் லிட்டருக்குச் சுமார் 10 மைக்ரோகிராம்தான். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் இன்று வைத்திருக்கும் அளவு 40. ஆனாலும் பாசி, பூச்சி, மீன் என்று படிப்படியாகச் சேர்ந்து, 20 மீன் இனங்களில் 19 அங்கே இல்லாமல் போயின. பிழைத்த மீன்களிலும் முதுகெலும்பு வளைந்தவை இருந்தன. 2008 டிசம்பரில் டென்னசியின் கிங்ஸ்டனில் கரை உடைந்து சுமார் 40 லட்சம் கன மீட்டர் சாம்பல் சேறு பாய்ந்ததை உலகமே பார்த்தது. கசிவுக்கு அப்படி ஒரு காட்சி கிடைப்பதில்லை.

சாம்பலைச் சிமெண்டில் கலப்பதற்கு நான் எதிரி அல்ல. என் சண்டை குவித்து வைப்பதோடுதான். மேலே தார்ப்பாய் மாதிரி ஒரு உறை, அதன்மேல் மண், புல், மூடியாகிவிட்டது என்பார்கள். மேட்டின் அடிப்பகுதி நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால், தண்ணீர் பக்கவாட்டில் நுழைந்து சாம்பலைக் கழுவிக்கொண்டு மறுபக்கம் போகும். மழையே தேவையில்லை.

ஆகவே மேட்டைச் சுற்றியுள்ள நிலத்தடி நீரின் பரிசோதனை அறிக்கை கையில் கிடைத்தால் முதலில் போரான் என்ற தனிமத்தைத் தேடுங்கள். சுலபமாகக் கரையும், மண்ணில் அதிகம் ஒட்டாது, மற்றவற்றுக்கு முன்னால் ஓடி வரும். அமெரிக்கா 2015இல் கொண்டுவந்த சாம்பல் விதிகளில் முதல் கட்டக் கண்காணிப்புப் பட்டியலிலேயே போரான் இருக்கிறது. ஆர்சனிக் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தால், அது வரும்போது அதற்குப் பின்னால் இருக்கும் மண் முழுக்க ஊறியிருக்கும்.