எவர்கிளேட்ஸுக்கு ஏற்ற காலம் கோடை அன்று
அமெரிக்காவின் புளோரிடாவிலுள்ள சதுப்புநிலமான எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவுக்குக் கோடை விடுமுறையில் செல்லலாம் என்று ஒரு கட்டுரை பரிந்துரைப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. அங்கே கோடையும் அடங்கிய மே முதல் நவம்பர் வரையிலான மழைக்காலத்தில் நீர் எங்கும் பரவிக் கிடப்பதால் விலங்குகளும் சிதறிப் போய்விடும். கொசுக்கள் மட்டுமே தவறாமல் வரவேற்கும். மாறாக, டிசம்பர் முதல் ஏப்ரல் வரை நீர் வற்ற வற்ற, அலிகேட்டர் முதலைகள் தாமே தோண்டி வைத்த பள்ளங்களில் எஞ்சிய நீரைத் தேடி மீன்களும், அவற்றைத் தேடிக் கொக்கு, நாரை, பாம்புத்தாரா போன்ற பறவைகளும் வந்து கூடும். பூங்காவின் அன்ஹிங்கா நடைபாதையில் (அப்பெயரே பாம்புத்தாராவைக் குறிப்பதுதான்) நின்றபடியே இவற்றைக் காணலாம். பூங்காவின் மற்றொரு பகுதியான ஷார்க் வேலியின் 24 கிலோமீட்டர் சுற்றுப்பாதையை மிதிவண்டியில் கடப்போர், பாதையோரம் வெயில் காயும் முதலைகளிடமிருந்து குறைந்தது 15 அடி விலகியே செல்ல வேண்டும். வழியில் நிழல் மிகக் குறைவு என்பதால் குடிநீரை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.